கடைசி வரியிலிருந்து

என் அன்பானவருக்கு,

உங்கள் முதுகுவலி தேவலையா? பாப்பாவுக்குச் சளி விட்டதா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், நம்புங்கள்.

போன வாரம் நான் வேலை செய்யும் நடனப்பள்ளியில் ஒரு வேடிக்கை. பள்ளி விழாவுக்காகப் புதிய பாடலொன்றை நான்கே நாளில் பியானோவில் வாசிக்கச் சொன்னார்கள். முதல் வரியையே தட்டித் தட்டி இரண்டு நாளைக் கோட்டைவிட்டேன். நடன டீச்சர் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, வாசல்லயே நின்னா எப்ப வீட்டுக்குள்ள போவ? கடைசி வரிய முதல்ல படி. அப்புறம் அதுக்கு முந்தினது. வாசிக்க வாசிக்கத் தெரிஞ்ச இடம்தான் வரும், பயமே இருக்காது."

ஒவ்வொரு கையாக, பின்னாலிருந்து பழகினேன். விழாவில் ஒரு பிசகும் இல்லை.

போனில் பாப்பா என்னைப் பார்த்து "இந்த ஆன்ட்டி யாருப்பா?" என்று கேட்டதற்காக அவளைத் திட்டாதீர்கள். குழந்தைதானே, எனக்கு ஒன்றுமில்லை. அவள் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்புங்கள், செருப்பு வாங்க வேண்டும்.

ஊர் திரும்புவதையும் பின்னாலிருந்தே பழகுகிறேன். நீங்கள் கதவைத் திறக்கிறீர்கள், அவள் ஓடிவந்து என் இடுப்பில் ஏறிக்கொள்கிறாள். அது மனப்பாடம். அதற்கு முந்தைய ஏழு மாதங்களைத்தான் இனிப் படிக்க வேண்டும்.

அறைத்தோழி விளக்கை அணைக்கச் சொல்கிறாள். பாதம் வரைய மறக்காதீர்கள். பாதம் கூசி அவள் சிரித்துக் கோடு கோணினால் திருத்தாமல் அப்படியே அனுப்புங்கள்.

உங்களவள்