கழுத்தில் அரிக்காத ஸ்வெட்டர்

ஆவடி
6.10.1991

அன்புள்ள பத்மாவுக்கு,

இங்கே அப்பாவும் நானும் சுகம். உன் இருமல் விட்டதா என்று தெரியாமல் நீயும் சுகமாக இருப்பாய் என்று எழுதக் கை வரவில்லை, அதை நீதான் எழுத வேண்டும். பெங்களூரில் மழையும் முழுதாக ஓயவில்லை, குளிர்காலமும் வரவில்லை, விடியற்காலை ஷிப்டுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு நடக்கும்போது பல் கிட்டுகிறது, பத்து மணிக்கெல்லாம் வியர்க்கிறது, மெல்லிசாக ஒரு ஸ்வெட்டர் இருந்தால் போதும் என்று போன மாதம் எழுதியிருந்தாய். அதிலிருந்து எனக்கு அதே நினைப்பு. பட்டாளத்துக்குத் துணி தைக்கிற ஊர் அல்லவா, நம் குவார்ட்டர்ஸில் ஸ்வெட்டர் என்றாலே எல்லாருக்கும் பனிமலைதான் ஞாபகம் வருகிறது. எதிர்வீட்டு கஜபதி அண்ணன், "கனமா வாங்கும்மா, வெயிட்டு இருந்தாத்தான் சூடு" என்றார், அப்பாவும் தலையை ஆட்டினார். காலையில் போட்டுக்கொண்டு பிறகு கழற்றிச் சாப்பாட்டுப் பையில் சுருட்டி வைக்கிற மாதிரி வேண்டும் என்று எத்தனை முறை சொன்னாலும் இருவருக்கும் விளங்கவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் வெளிநாட்டுக்குத் தைத்து மிஞ்சிய துணிகளைத் தார்ப்பாயில் கொட்டி விற்கிறார்கள், போன வாரம் நானே பஸ் பிடித்துப் போனேன். விற்கிற பொன்னியம்மா, "இன்னா யக்கா, இந்த வெயில்ல ஸ்வெட்டர் தேடிகினு கீறே" என்று சிரித்துவிட்டு, "இது வெள்ளக்காரன் போடறது, குளிரு போயி வெயிலு வர்றதுக்கு நடுவுல ரெண்டு மாசம் கீதாம், அதுக்குன்னே தனியா தச்சிப் போடறான், நம்மூர்ல ஏது நடு" என்றாள். யாருக்கு என்று கேட்டாள், பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு என்றேன். "அய்ய, யார் கைல கதை வுடறே, உனக்கே இன்னா வயசு ஆவுது" என்று சுற்றி நின்றவர்களையும் சிரிக்க வைத்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, என் பெண்தான் என்று இன்னொரு தடவை சொன்னேன். ஒவ்வொன்றையும் எடுத்து என் கழுத்தில் தேய்த்துப் பார்த்தேன், "வாங்கறியா, வேர்வ தொடைக்கிறியா" என்று அதற்கும் கேலி செய்தாள். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது உனக்குப் பத்து வயது, யூனிபாரம் காலர் உரசிக் கழுத்தெல்லாம் தடித்துப் போய் யாரிடமும் சொல்லாமல் இருந்தாய், அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துக் காலருக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். அதனால் கம்பளியே வேண்டாம் என்று பருத்தி கலந்த மெல்லிய நூலில் பின்னியதாய், வி கழுத்தாய், சாம்பல் நிறத்தில் ஒன்று எடுத்தேன். அப்பா உள்பக்கம் புரட்டித் தையலைத் தடவிப் பார்த்தார், குறை இருந்தால் சொல்லியிருப்பார்.

வியாழக்கிழமை உன் கடிதம் வந்தது. உன் அம்மாவின் அக்கா, லோகநாயகி பெரியம்மா, அல்சூரில் கடைக்கு அழைத்துப் போய் இளம் ரோஸில் நல்ல கனமான கம்பளி ஸ்வெட்டர் வாங்கித் தந்தார்கள், உன் அம்மாவுக்கு அந்த நிறம்தான் பிடிக்குமாம், தீபாவளிக்கு அங்கேயே இருந்துவிடச் சொல்கிறார்கள், என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தாய். அப்பா படித்துவிட்டு, "ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு போட்டுக்கிட்டா இமயமலைக்கே போகலாம்" என்றார். எனக்குச் சமையலறையில் வேலை இருந்தது. பத்மா, எனக்குப் பொறாமையாக இருக்கிறது, உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது. அவர்களுக்கு உன் அம்மாவின் முகம் இருக்கிறது, உன் அம்மா சிறு வயதில் என்ன சொன்னாள், எந்த நிறம் கேட்டாள் என்றெல்லாம் சொல்ல முடிகிறது, நீ கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாய். அந்தப் பேச்சில் எனக்கு இடம் இல்லை. நூலகப் புத்தகத்தை விரித்து வைத்து ஒரே பக்கத்தை நாலு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஸ்வெட்டரை அனுப்பாமல் வைத்துக்கொண்டு, தீபாவளிக்கு வந்தால்தான் கிடைக்கும் என்று எழுதலாம் என்றுகூட நினைத்தேன். அப்படி எழுதிய காகிதத்தைக் கிழித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அதுவரைக்கும் நீ காலையில் நடுங்கிக்கொண்டு போவாய், இல்லாவிட்டால் அந்தக் கம்பளியைப் போட்டுச் சொறிந்துகொண்டு வெளியே சொல்ல மாட்டாய். பின் பிளாக் உத்தமன் செவ்வாய்க்கிழமை அங்கே இன்டர்வியூவுக்கு வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். பெரியம்மா மனம் நோகாமல், அவர்கள் வீட்டுக்குப் போகும்போது அவர்கள் வாங்கியதைப் போட்டுக்கொள், உள்ளே காலர் வைத்த ரவிக்கை இருக்கட்டும். சாம்பல் நிற ஸ்வெட்டரைச் சோப்பில் ஊற வைக்காதே, முறுக்கிப் பிழியாதே, கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும், துண்டின் மேல் பரப்பிக் காய வை.

என்ன செய்யட்டும் என்று கேட்டாயே, வா என்கிறேன். பெரியம்மா வீட்டுக்குப் பொங்கலுக்குப் போ, லீவு கிடைக்கிறபோதெல்லாம் போ, நான் வாய் திறக்க மாட்டேன். தீபாவளி விடியலில் உன்னை மணையில் உட்கார வைத்துத் தலையில் எண்ணெய் வைப்பது மட்டும் நானாக இருக்க வேண்டும், ஒன்பது வருஷமாக வைத்த கை. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசு இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ நன்றாக இருக்க அப்பாவும் நானும் தினமும் வேண்டிக்கொள்கிறோம். எந்த ரயில் என்று முன்னாலேயே எழுது, அப்பா சென்ட்ரலுக்கு வருவார்.

உன்,
சித்தி கஸ்தூரி