அக்கா கொடுத்த பச்சை டப்பா

நல்லம்பள்ளி
12.08.2024

சாலம்மா அக்காவுக்கு, பாரதி எழுதுவது.

நலமா என்று கேட்க மனசு வரவில்லை. என் மகள் தேவிப்பிரியா பதினோரு நாளாகத் தருமபுரியில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். கண்ணெல்லாம் மஞ்சள். ஈரல் கெட்டுப்போயிருக்கிறது என்கிறார்கள். பிழைப்பாளா என்றால் இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்கிறார்கள்.

முதல் நாளே டாக்டரம்மா, "நாட்டு மருந்து, மூலிகை எதாச்சும் சாப்புட்டாளாங்க?" என்று கேட்டார். இல்லைங்க என்றேன். தேவிதான் மெதுவாக, "பெரியம்மா குடுத்த மாத்திரைங்க" என்றாள். பெண் பார்க்க வந்தவர்கள் "பொண்ணு கொஞ்சம் கனம்" என்று சொல்லிவிட்டுப் போன மறுவாரம் ஒரு பச்சை டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தாயே, அதைத்தான் சொன்னாள். ஒரே மாதத்தில் ஒன்பது கிலோ இறங்கினாள். நெஞ்சு படபடக்கிறது, தூக்கமே இல்லை என்று உன்னிடம் சொன்னதற்கு, "கொழுப்பு கரையுதுடி, அப்டித்தான் இருக்கும்" என்றாயாம்.

அங்கன்வாடியில் சத்துமாவுப் பொட்டலம் ஒவ்வொன்றிலும் தேதி பார்த்த பிறகுதான் பிள்ளைகளுக்குக் கொடுப்பேன். அக்கா கொடுத்தது என்பதால் அந்த டப்பாவைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

போன் செய்யாதே. நீ அழுதால் நான் இளகிவிடுவேன், அதனால் உன் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். அந்த மாத்திரை எங்கே வாங்கியது, உள்ளே என்ன இருக்கிறது, எழுத்தில் பதில் சொல். என் பெண்ணுக்கு ஏதாவது ஆனால் கூடப்பிறந்தவள் என்று பார்க்கமாட்டேன்.

பாரதி

கம்பைநல்லூர்
16.08.2024

என் தங்கம் பாரதிக்கு, அக்கா அழுதுகொண்டே எழுதுவது.

உன் கடிதம் வந்ததிலிருந்து ஒரு வாய் சோறு இறங்கவில்லை. பார்க்க வந்த உன் மாமாவையும் ஆஸ்பத்திரி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டாயாம். அந்த மனுசன் வாங்கிவந்த ஆப்பிளை அப்படியே திரும்பக் கொண்டுவந்தார்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. என் சரக்கால் இப்படி ஆகியிருக்காது. இரண்டு வருடமாக ஊரே என்னிடம் வாங்கிச் சாப்பிடுகிறது. இப்போது அதே பச்சை டப்பாவில் போலி வந்துவிட்டது. நான் கொடுத்தது தீர்ந்ததும் தேவி வெளியில் வாங்கியிருப்பாள். சின்னப் பெண், உன்னிடம் சொல்லப் பயந்திருப்பாள்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எங்கள் விற்பனைக் கூட்டத்தில் சொல்லித் தந்திருக்கிறார்கள். பதினாலு இலக்க லைசென்ஸ் நம்பர் இருக்க வேண்டும், அதை ஆன்லைனில் போட்டால் அதே கம்பெனி பெயர் வர வேண்டும். தயாரித்த இடத்துக்கு முழு முகவரி வேண்டும். தேதியும் பேட்ச் நம்பரும் டப்பாவிலேயே அச்சாகியிருக்க வேண்டும், மேலே ஒட்டியிருந்தால் தொடவே கூடாது. என்ன மூலிகை, எவ்வளவு என்று எழுதாமல் "ரகசியக் கலவை" என்று மட்டும் போட்டிருந்தால் வாங்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, பத்து நாளில் இளைக்கவைத்தால் அது மூலிகையே இல்லை, உள்ளே இங்கிலீஷ் மருந்தைக் கலந்திருக்கிறான் என்று அர்த்தம். இதையெல்லாம் நான் எத்தனை பேருக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன் தெரியுமா.

சாமி மேல் பாரத்தைப் போடு. தேவி எழுந்து வருவாள்.

உன் அக்கா
சாலம்மாள்

சேலம்
20.08.2024

அக்காவுக்கு,

தேவியைச் சேலத்துக்கு மாற்றிவிட்டார்கள். வெளியே ஒரு மாத்திரைகூட வாங்கவில்லை என்று என் தலையில் கை வைத்துச் சொல்கிறாள். நீ போலி என்கிறாய். யார் சொல்வது நிஜம் என்று தெரிய ஒரே வழிதான் இருக்கிறது.

நீ விற்கும் டப்பாவில் ஒன்று, சீல் பிரிக்காமல் அனுப்பு. "இது நான் விற்கும் அசல் சரக்கு" என்று கைப்பட எழுதிக் கையெழுத்தும் போடு. அசல் என்றால் உனக்கென்ன பயம். நான் கம்பைநல்லூருக்கே வந்து, தெருப் பார்க்க உன் காலில் விழுகிறேன். அனுப்பவில்லை என்றால் அதையே பதிலாக எடுத்துக்கொள்வேன்.

பாரதி

கம்பைநல்லூர்
24.08.2024

பாரதிக் கண்ணுக்கு,

பால் வண்டி முனியப்பனிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டிருக்கிறேன். இது நான் விற்கும் அசல் சரக்கு. கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். சொந்தத் தங்கச்சியே சாட்சி கேட்கும் நிலைமை எனக்கு வந்துவிட்டது, என்ன செய்ய.

என் மகள் வெண்மதிகூடத் தினம் ரெண்டு சாப்பிடுகிறாள். பெற்ற பெண்ணுக்குக் கொடுக்காததையா உன் பெண்ணுக்குக் கொடுப்பேன்? இதை நாலு பேரிடம் சொல்லி என் பெயரைக் கெடுத்துவிடாதே. மகளிர் குழுவில் இந்தத் தடவை என்னைத்தான் தலைவியாகப் போடப்போகிறார்கள்.

அக்கா
சாலம்மாள்

நல்லம்பள்ளி
28.09.2024

சாலம்மாளுக்கு,

நேற்று உன் வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியில் இருந்ததையெல்லாம் இழுத்துப் போட்டார்களே உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள், அவர்களை அனுப்பியது நான்தான். வேறு யாரையாவது நினைத்து மண்ணை வாரித் தூற்றாதே. முனியப்பன் வந்து, "வூட்டு முன்னால தெருவே நின்னு பாத்துச்சுங்க" என்றார். இரண்டு மாதத்துக்குப் பிறகு நேற்றுத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

நீ சொல்லிக்கொடுத்தபடியே ஒவ்வொன்றாகப் பார்த்தேன். லைசென்ஸ் நம்பரைப் போட்டால் ஏதோ ஊறுகாய் கம்பெனி வந்தது. முகவரிக்குத் தேவியின் அப்பாவை அனுப்பினேன், அங்கே டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறார்கள். தேதியை நகத்தால் சுரண்டினேன், அடியில் போன வருடத்துத் தேதி இருந்தது. சீல் பிரிக்காத டப்பாவையும் உன் இரண்டு கடிதங்களையும் அதிகாரி மேசையில் வைத்தேன். நாட்டில் தடை செய்த மருந்தைக் கலந்திருப்பதாகச் சோதனையில் வந்திருக்கிறது. "அக்காங்கறீங்க, யோசிச்சுக்கிறீங்களா?" என்று அவர் கேட்டார். யோசிச்சுட்டுத்தாங்க வந்தேன் என்றேன்.

போலியைக் கண்டுபிடிக்க நீ எழுதிய பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து அங்கன்வாடிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். உன் மகளிர் குழுவில் ஒவ்வொருத்தருக்கும் ஒன்று தபாலில் போயிருக்கிறது. யார் எழுதியது என்று கேட்க வேண்டியதில்லை, உன் கையெழுத்து அவர்களுக்குத் தெரியும்.

தேவி வீட்டுக்கு வந்துவிட்டாள். ஈரல் பழையபடி ஆகுமா என்பது ஆறு மாதம் கழித்துத்தான் தெரியுமாம். பெண் கேட்டவர்கள் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். நீ கோர்ட்டு கோர்ட்டாக அலைவதைப் பார்க்கும்வரை என் வயிற்றெரிச்சல் அடங்காது.

ஆனால் ஒன்று மட்டும் என்னை அறுக்கிறது. வெண்மதி தினம் ரெண்டு சாப்பிடுகிறாள் என்று எழுதினாயே. இன்றைக்கே நிறுத்து. கூட்டிப்போய் ஈரல் டெஸ்ட் எடு. நான் கூப்பிட்டால் அந்தப் பிள்ளை போனை எடுக்கமாட்டேன் என்கிறாள். உன்மேல்தான் எனக்கு ஆத்திரம், அவள் என்ன செய்தாள். இதற்கு மட்டும் பதில் எழுது.

பாரதி

கம்பைநல்லூர்
03.10.2024

பாரதி,

வெண்மதிக்கு ஒன்றும் ஆகாது, கவலைப்படாதே. அவளுக்கு நான் அதை ஒருநாளும் கொடுத்ததில்லை.

சாலம்மாள்