நீ அனுப்பிய பதினெட்டு விநாடி

பாளையங்கோட்டை
அக்டோபர் 14

அன்புள்ள மகன் எபிக்கு அப்பா எழுதுவது,

ஆண்டவர் கிருபையால் நீ அங்கே நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறோம். இங்கே அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. எனக்கு முழங்கால் பரவாயில்லை. உன் தங்கை ஸ்டெபி தூத்துக்குடியிலிருந்து பிள்ளைகளோடு வந்து நான்கு நாள் இருந்துவிட்டுப் போனாள். உடம்பைப் பொறுத்தவரை எல்லோரும் சுகம்தான். மனசு சரியில்லாததால்தான் காகிதத்தை எடுத்தேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ சரிப்பா சரிப்பா என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் ஆயிற்று. நான் ஜஸ்ட் ஃபார்வேர்டுதானே பண்ணினேன், நல்லதுக்குத்தானே அனுப்பினேன் என்றாய். அந்த ஜஸ்ட் என்ன செய்தது என்று உனக்குத் தெரிய வேண்டும், அதனால் உட்கார்ந்து முழுவதையும் வாசி.

நீ அனுப்பிய அந்த வீடியோவில் அழுகிற பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறாரே, அவர் நம் இசக்கியப்பன். சமாதானபுரம் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவர். அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு ஏழு தடவை கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிவந்தவர். போன கிறிஸ்துமஸுக்கு நீ வந்தபோது ஜங்ஷனிலிருந்து உன்னையும் உன் மூன்று பெட்டிகளையும் ஏற்றிவந்தவரும் அவர்தான். முகத்தைக்கூடப் பார்க்காமல் அனுப்பியிருக்கிறாய். நடந்தது இதுதான். மார்க்கெட்டில் ரைஹானத் என்கிற பெண் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது அவளுடைய மூன்று வயதுப் பிள்ளை கையை விட்டுவிட்டு எங்கேயோ நடந்துவிட்டது. ஆட்டோ பக்கத்தில் நின்று அழுததைப் பார்த்து இசக்கியப்பன் அதன் கையைப் பிடித்துக்கொண்டு கடை கடையாகக் கேட்டுக்கொண்டே போயிருக்கிறார். பத்து நிமிஷத்தில் தாயைக் கண்டுபிடித்துக் கொடுத்தும் விட்டார். எதிர்ச்சாரியில் நின்ற எவனோ பதினெட்டு விநாடி படம் பிடித்திருக்கிறான். பிள்ளை அழுவது இருக்கிறது, ஆட்டோ நம்பர் இருக்கிறது. தாயிடம் கொடுத்தது இல்லை.

அன்று சாயங்காலமே நம் ஊர் இணையச் சானல் ஒன்று மேளம் அடிக்கிற மாதிரி ஒரு இசையைச் சேர்த்து, பாளையில் குழந்தை கடத்தும் கும்பலா என்று சிவப்பு எழுத்தில் போட்டுவிட்டது. அது கடல் தாண்டி உன்னிடம் வந்து, நீ நம் குடும்பக் குழுவில் ஜாக்கிரதை என்று எழுதிப் போட்டாய். அம்மாவுக்குச் சின்னப் படம் சரியாகத் தெரியாது என்று உனக்கே தெரியும். "எபி அனுப்பியிருக்கான்லா, சும்மாவா அனுப்புவான்" என்று அவள் சபைப் பெண்கள் சங்கக் குழுவுக்கு அனுப்பிவிட்டாள். அதில் நூற்று நாற்பது பேர், அம்பாசமுத்திரம் வரைக்கும் ஆள் இருக்கிறது. என்னையும் விட்டுவிடாதே. நானும் முகத்தைக் கவனிக்காமல் பார்த்துவிட்டு, சரி என்கிற கட்டைவிரல் படம் போட்டேன். பள்ளிக்கூட ஆபீசில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்தவன், கையெழுத்து இல்லாத காகிதத்தை அடுத்த மேஜைக்குத் தள்ளாதவன், அன்றைக்குக் கட்டைவிரல் போட்டேன்.

மூன்றாம் நாள் இசக்கியப்பன் ஒரு குடும்பத்தை விக்கிரமசிங்கபுரத்தில் இறக்கிவிட்டுத் திரும்புகிற வழியில் டீ குடிக்க நிறுத்தியிருக்கிறார். ஒருவன் போனையும் ஆட்டோ நம்பரையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறான். அவ்வளவுதான். இருபது பேர். வலது கை இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது, இடது கண் மூடியே கிடந்தது. அந்த வழியாகப் போலீஸ் ஜீப் வராவிட்டால் உயிரே இருந்திருக்காது. அடித்தவர்கள் கையிலிருந்த வீடியோ நம் வீட்டிலிருந்து போனதா என்று யாராலும் சொல்ல முடியாது. போகவில்லை என்றும் யாராலும் சொல்ல முடியாது.

விஷயம் தெரிந்து ரைஹானத் ஆட்டோ ஸ்டாண்டுக்கு விசாரிக்க வந்தாள், நானும் அவளும் அங்கிருந்தே அந்தச் சானல் ஆபீசுக்குப் போனோம். செல்போன் கடைக்கு மேலே ஒரு அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஏசி. அங்கிருந்தவன் சிரித்துக்கொண்டே "சார், நாங்க கடத்தல்னு சொல்லலியே, கடைசில கேள்விக்குறி போட்டிருக்கோம்லா" என்கிறான். எடுத்துவிடு என்றால், நாலு லட்சம் பேர் பார்த்தாயிற்று, எடுத்தால் சானலுக்கு அடி விழும் என்கிறான். வேண்டுமானால் இந்த அம்மாவையும் பிள்ளையையும் வைத்து உண்மை என்ன என்று இன்னொன்று போடலாம், அதுவும் நல்லா ஓடும் என்கிறான். ரைஹானத் ஒரே வார்த்தைதான் சொன்னாள். "எம் பிள்ளைய வச்சு நீங்க ஒரு தடவ பொழச்சது போதும்" என்று எழுந்து வந்துவிட்டாள். பிறகு தன் போனிலேயே நடந்ததைச் சொல்லிப் போட்டாள். இன்று காலை வரை முந்நூற்று நாற்பது பேர் பார்த்திருக்கிறார்கள்.

நீ சொன்னபடி ரிப்போர்ட் பட்டனும் அமுக்கினேன். மறுநாள் பதில் வந்தது, பரிசீலித்தார்களாம், விதிமீறல் எதுவும் இல்லையாம். யார் பரிசீலித்தது? அந்த ஆளுக்குப் பேர் உண்டா? தமிழ் தெரியுமா? நம் சர்க்கார் விஷயம் இன்னும் மோசம். கலவரம் என்றால் ஒரு ஜில்லாவுக்கே இன்டர்நெட்டை நிறுத்தத் தெரிகிறது, இந்தப் பதினெட்டு விநாடியை நிறுத்த வழி இல்லை. ஆன்லைனில் புகார் கொடுங்கள் என்றார்கள். கொடுத்தேன், ஒரு நம்பர் வந்தது, அந்த நம்பருக்குப் பின்னால் ஆளே இல்லை. உன்னிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். எந்த வீடியோவை ஜனங்கள் கண் எடுக்காமல் பார்க்கிறார்கள் என்று கண்டுபிடித்து அதன் முன்னால் விளம்பரம் வைப்பதுதான் எங்கள் கம்பெனி வேலை என்று கிறிஸ்துமஸுக்கு வந்தபோது பெருமையாகச் சொன்னாய். இசக்கியப்பன் வீடியோவுக்கு முன்னால் ஒரு சோப்பு விளம்பரம் வருகிறது. அது உங்கள் கம்பெனி வைத்ததா, வேறு யாராவது வைத்ததா, எனக்குத் தெரியாது. நீ தெரிந்துகொண்டு எனக்குச் சொல். படித்த பிள்ளை, நல்ல வேலை என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேனே, அந்த வாயாலேயே கேட்கிறேன்.

அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு என்னிடம்கூடச் சொல்லாமல் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, அந்த வீடியோவை இந்தக் குழுவுக்கு அனுப்பியது நான்தான், அந்த மனுஷன் ஒரு பாவமும் செய்யாதவர் என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறாள். கூட்டம் முடிந்ததும் நேராக அவர் வீட்டுக்குப் போயிருக்கிறாள். நான் மறுநாள் போனேன். கையில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நானும் அதைப் பார்த்துக் கட்டைவிரல் போட்டவன்தான் என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பிள்ள அழுதுகிட்டு நின்னுது சார், வேற என்னத்தச் செய்ய?" என்றார். பிறகு, "இனிமே எந்தப் பிள்ள அழுதாலும் நான் திரும்பிப் பாக்க மாட்டேன் சார்" என்றார். எபி, இந்த ஊரில் ஒரு பிள்ளை தொலைந்தால் கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஒரு ஆள் இருந்தார். இப்போது இல்லை.

நம் வீட்டுக்கு அதை அனுப்பியது யார் என்று அம்மா அவரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அது உன் வாயால் வர வேண்டும். பணம் அனுப்புகிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னாயே, அந்தப் பேச்சு வேண்டாம். ஆஸ்பத்திரிச் செலவை ஸ்டாண்டுக்காரர்களும் நாங்களும் பார்த்துக்கொள்கிறோம்.

உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் நீ என் பிள்ளை. குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ, நேரத்துக்குச் சாப்பிடு. கர்த்தர் உனக்கு நல்ல புத்தியையும் நீண்ட ஆயுளையும் தருவாராக. அம்மா முத்தம் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
தே. தேவசிகாமணி

பின்குறிப்பு: இசக்கியப்பன் நம்பரைக் காகிதத்தின் மறுபக்கத்தில் எழுதியிருக்கிறேன். மத்தியானம் இரண்டு மணிக்கு மருந்து சாப்பிட்டுவிட்டு விழித்துத்தான் இருப்பார். உனக்கு அப்போது விடிந்திருக்காது. எழுந்து பேசு.