எச்சில் கல்

அம்மாவுக்கு, மகன் வணக்கத்துடன் எழுதுவது. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அருவருப்புதான் தாங்கவில்லை.

என் அறையில் இருக்கும் வெல்டருக்குக் கல் பைத்தியம். லீவு நாளில் கடற்கரைக்குப் போய்க் கல் பொறுக்குகிறான். பொறுக்கினால் பரவாயில்லை, ஒவ்வொன்றையும் நக்கிப் பார்க்கிறான், அம்மா! கேட்டால், "ஈரம் பட்டாத்தான்டா நெறம் தெரியும்" என்கிறான். கடல் முழுக்கத் தண்ணீர் கிடக்க, இவனுக்கு நாக்குதான் கிடைத்தது. நாய் காலைத் தூக்கிய கல்லும் அதில் இருக்கும்.

பிறகு கல்லையும் உரசும் பொடியையும் தண்ணீர் விட்டு ஒரு டப்பாவில் அடைத்து, வாரக்கணக்கில் மோட்டாரில் உருட்டுகிறான். அப்போதுதான் பளபளப்பு வருமாம். போன வாரம் மூடி கழன்று, சாக்கடை நாற்றமடிக்கும் சேறு என் தலையணையில் கொட்டியது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, கவலைப்படாதே. ஆனால் அந்தக் கற்களை அவன் கழுவியது நான் சோறு பொங்கும் பாத்திரத்தில்! அன்று நான் சாப்பிடவே இல்லை.

யாராவது இந்தப் பக்கம் வந்தால், என் பெயர் வெட்டிய சின்னப் பாத்திரத்தைக் கொடுத்துவிடு. உன் அரக்குச் சேலை கிழிந்துபோயிருந்தால் அதிலேயே சுற்றி அனுப்பு. தலையணைக்கு உறை வேண்டும்.

இத்துடன் ஒரு கல் வைத்திருக்கிறேன். வெல்டர் மெருகேற்றிக் கொடுத்தான். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன், தைரியமாகத் தொடு. கம்பெனி வேன் ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன்.

இந்தக் கல்லைப் பொறுக்கியது நான்தான். காய்ந்து கிடந்ததில் உன் சேலை நிறம்தானா என்று தெரியவில்லை. கடல் தண்ணீர் பக்கத்தில்தான் இருந்தது. நக்கிவிட்டேன்.