தொடாத காப்பி

கராக்,
3 நவம்பர் 1996

தங்கை இஃதிதாலுக்கு, அக்கா நவ்ஃபாவின் சலாம்.

மாதர் சங்கப் பேச்சு வகுப்பில் இன்று இருந்தவர்கள்: ஆசிரியை ருபைஹா, தையல்காரி ஹின்த், மருந்துக்கடை சிஹாம், கல்லூரிப் பெண்கள் மூவர், நான். ஆக ஏழு பேர்.

கேட்பவர் மனதை மாற்றும் பேச்சுக்கு ஐந்து கட்டம் உண்டாம். கவனத்தை இழு, குறையைச் சொல், வழியைக் காட்டு, எதிர்த்தரப்பை எடுத்துச் சொல், முடிவில் ஒன்றே ஒன்றைக் கேள். என் தலைப்பு, "வாப்பா என் வீட்டில்தான் இருக்க வேண்டும்." மூத்தவள் நான் இருக்க, என்னைக் கேட்காமல் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துப் போனவள் நீ. நான்கு வருடமாக உன் வாசலை மிதிக்கவில்லை.

15ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாமாவும் பெரியவர்கள் ஐவரும் என்னோடு வருகிறார்கள். நீ காப்பி ஊற்றுவாய். நம் வழக்கப்படி, "சரி" என்று நீ சொல்லும்வரை ஒருவரும் கோப்பையைத் தொட மாட்டோம். அல்லாஹ் நாடினால் வாப்பாவோடுதான் திரும்புவேன்.

நவ்ஃபா

ஸர்கா,
7 நவம்பர்

அக்கா,

தொடாத காப்பிக்கு முன்னால் "முடியாது" என்று எந்த வீட்டுக்காரி சொல்வாள்? அது கேட்பதில்லை, பறிப்பது. உன் வீட்டுக்கு முப்பத்தெட்டுப் படி. கால் விளங்காத வாப்பாவை அங்கே யார் தூக்குவது? நேற்றும் கேட்டார், "நவ்ஃபா எங்கடீ? எம்மேல கோவமா?" "அவளுக்கு வேல வாப்பா" என்றேன். நான்கு வருடமாக இதே பொய்.

இஃதிதால்

கராக்,
11 நவம்பர்

என் இஃதிதாலுக்கு,

நேற்று வகுப்பில் பேசினேன். நான்காவது கட்டத்தில், எதிர்த்தரப்பைச் சொல்லும்போது, ஆசிரியை நிறுத்திவிட்டார். "இப்படி ஒப்புக்குச் சொல்லக் கூடாது. உங்க தங்கச்சி இங்க உக்காந்திருந்தா, 'ஆமா, நான் சொல்றது இதான்'னு தலையாட்டணும்."

உன் கடிதத்தை எடுத்துப் பேசினேன். படிகளைச் சொன்னேன். நீ தூக்கிக் குளிப்பாட்டுவதைச் சொன்னேன். எனக்காக வாப்பாவிடம் நீ சொல்லிவரும் பொய்யையும் சொன்னேன்.

யார் பக்கம் நியாயம் என்று கை தூக்கச் சொன்னார். ஐந்து கையும் உனக்கு. ஹின்த் சிரித்தாள். "அடிப்பாவி, தங்கச்சிக்கு வக்கீலாவா வந்தே?" ஆறாவதாக எழுந்தது என் கை.

மாமாவை வர வேண்டாமென்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை நான் மட்டும் வருகிறேன். ஊற்றியதுமே குடித்துவிடுவேன். பிறகுதான் கேட்பேன்: வாரத்தில் இரண்டு நாள், உன் வீட்டிலேயே, வாப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ தூங்கு. "முடியாது" என்றும் நீ சொல்லலாம்.

வரச் சொன்னால்தான் வருவேன். சீக்கிரம் பதில் போடு.

உன் அக்கா
நவ்ஃபா