நேரம் குறிக்காமல் பிறந்தவள்

என் அன்பான ஏட்டையா அப்பாவுக்கு,

பிள்ளை பிறந்துவிட்டது. பெண். நானும் நன்றாக இருக்கிறேன், அவளும் நன்றாக இருக்கிறாள். இதைக் கேட்டதும் உங்கள் வாயில் அடுத்த கேள்வி என்ன வரும் என்று எனக்குத் தெரியும். "என்ன நட்சத்திரம்ட்டி?" அதைக் கடைசியில் சொல்கிறேன். இந்த ஒரு தடவையாவது நீங்கள் காத்திருங்கள்.

வாசுதேவநல்லூரே உங்களை ஏட்டையா என்றுதான் கூப்பிட்டது. போலீஸ் வேலையிலிருந்து ரிட்டயர் ஆன பிறகும் நீங்கள் தெருவில் இறங்கினால், பைக்கில் மூன்று பேராக வருகிறவர்கள் இறங்கி வண்டியை உருட்டிக்கொண்டு போவார்கள். அப்படிப்பட்ட மனிதர் பாவூர்சத்திரத்து ஜோசியர் முன்னால் மட்டும் கைகட்டி நிற்பார். எனக்கு அதைப் பார்க்கச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். ஆனால் அதற்குக் காரணமே நான்தான் என்பதால் வாயைத் திறந்ததில்லை.

நான் ஆயில்யத்தில் பிறந்தவள். ஆயில்யத்துப் பெண் வீட்டுக்கு வந்தால் மாமியாருக்கு ஆகாது என்று ஒரு பேச்சு. ஜாதகத்தைக் கையில் வாங்கியவர்கள் நட்சத்திரத்தைப் பார்த்ததும் மடித்துத் திருப்பித் தந்தார்கள். எத்தனை வீட்டில் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தீர்கள்! ஒரு நாள் தரகர் நம் வீட்டுக்கே வந்து, பிறந்த நேரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளி எழுதினால் பூசம் ஆகிவிடும், அப்புறம் மாப்பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள் என்றார். நான் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் சத்தம்கூடப் போடவில்லை.

"எம் மவ பொறந்த நேரத்த மாத்த நான் யாருவே?"

அவ்வளவுதான் சொன்னீர்கள். தரகர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு உங்களை எனக்கு எவ்வளவு பிடித்தது தெரியுமா? இப்போதும் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதத்தை அன்பான என்று ஆரம்பித்தேன்.

கடைசியில் மாமியார் இல்லாத வீடாகத் தேடித் தேடி, மேலகரத்தில் தாயை இழந்த இசக்கிமுத்துவைக் கண்டுபிடித்தீர்கள். குற்றாலத்தில் பழக்கடை வைத்திருக்கிற, அதிகம் பேசாத, நல்ல மனிதர். குறை ஒன்றும் இல்லை. ஆனால் கல்யாணத்தன்று, மாலை போட்ட போட்டோவில் இருந்த அவருடைய அம்மாவைக் கும்பிட்டபோது எனக்கு ஒரு நினைப்பு வந்தது. இவர் உயிரோடு இருந்திருந்தால் என்னை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார். இவர் செத்தது எனக்கு நல்லதாகப் போயிற்று. இது ஒரு புதுப்பெண்ணுக்கு வருகிற நினைப்பா, அப்பா? அதை என் தலைக்குள் போட்டது யார்?

தரகரிடம் அப்படிச் சொன்ன நீங்கள்தான் என் முதல் பிள்ளைக்கு நேரம் குறித்தீர்கள்.

டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் கிடந்தது. ஒரு வலிகூட வரவில்லை. நீங்கள் ஜோசியரிடம் போய்த் திருவோணத்தில் நல்ல லக்னமாகப் பார்த்து வந்து, தென்காசியில் ஒரு தனியார் ஆசுபத்திரியில் ஆபரேஷனுக்குப் பேசி முடித்தீர்கள். நீங்கள் கேட்டீர்கள், அவர்கள் சரி என்றார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. வெளியே வரத் தயாராக இல்லாத பிள்ளையை வெளியே எடுத்தார்கள். அவனுக்கு மூச்சு இழுத்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். நீங்கள் வராந்தாவில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் அல்வா கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். நான் உள்ளே, பிள்ளையின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல், கட்டிக்கொண்ட பாலைப் பிழிந்து ஊற்றிக்கொண்டிருந்தேன்.

உங்கள் பேரன் காப்பி டம்ளர் முன்னால் தலைகுனிந்து உட்காரக் கூடாது என்பதற்காகத்தான் செய்தீர்கள். எனக்குத் தெரியும். அன்புதான். இன்று அவன் திருவோணத்துப் பிள்ளையாக வீடெல்லாம் ஓடுகிறான். ஆனாலும் அவன் பெட்டிக்குள் கிடந்த அந்த நாட்களுக்கு என்னிடம் உங்களுக்கு மன்னிப்பு கிடையாது. இறந்தவர்களைப் பற்றிக் குறை பேசக் கூடாதாம். நான் உங்களைப் பற்றிப் பேசவில்லை, உங்களிடம்தான் பேசுகிறேன்.

அதனால்தான் இரண்டாவதை வீட்டில் பெறுவேன் என்றேன். வாட்ஸப்பில் வருகிற இயற்கைப் பிரசவ வீடியோக்களைப் பார்த்து நான் கெட்டுப்போகவில்லை. மாத்திரை சாப்பிட்டேன், ஊசி போட்டேன், ஸ்கேன் எடுத்தேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். வலி அதுவாக வர வேண்டும். வந்ததும் என் வீட்டுக் கதவை நான் சாத்திக்கொள்ள வேண்டும். அதைத் தாண்டிப் பஞ்சாங்கம் உள்ளே வரக் கூடாது. இசக்கிமுத்து பயந்தார். ஒரே ஒரு தடவை வேண்டாமே என்றார், என் முகத்தைப் பார்த்துவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டார். நீங்கள் நிறுத்துகிற ஆளா?

அம்மா என்னை வாசுதேவநல்லூர் வீட்டின் உள்ளறையில்தானே பெற்றாள் என்று போனில் கேட்டேன். பதில் பட்டென்று வந்தது.

"வீட்ல பெத்ததாலதாம்ட்டி நீ ஆயில்யத்துல வந்து விழுந்தே."

அதற்குப் பிறகு ஏட்டையாவாக விசாரணையை ஆரம்பித்தீர்கள். சீசன் நேரத்தில் மேலகரம் ரோட்டில் ஒரு ஆம்புலன்ஸ் நகர முடியுமா? குற்றாலத்துக்குப் போகிற வேன்கள் எல்லாம் அடைத்துக்கொண்டு நிற்குமே? ஏதாவது ஒன்று ஆகிப்போனால் யார் பதில் சொல்வது? எல்லாமே நியாயமான கேள்விகள். அத்தோடு விட்டிருந்தால் நானும் யோசித்திருப்பேன். ஆனால் இந்தத் தடவையும் ஜோசியரிடம் சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். நான் போனை வைத்துவிட்டேன்.

அதுதான் நாம் கடைசியாகப் பேசியது. அடுத்த வாரமே நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. போனை வைத்ததை நினைத்து நான் உருகிக் கரைய வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். நீங்கள் போனதற்கு அழுதேன், இன்னும் அழுகிறேன். போனை வைத்ததற்கு அழவில்லை. மறுபடி அதையே சொன்னால் மறுபடியும் வைப்பேன்.

பிள்ளைத்தாய்ச்சி பிரேதத்தைப் பார்க்கக் கூடாது என்று உங்கள் தம்பி, சித்தப்பா, வாசலில் மறித்தார். நான் அவர் கையைத் தள்ளிவிட்டு உள்ளே வந்து உங்கள் காலைப் பிடித்துக்கொண்டேன். குளிப்பாட்டி மீசையை நன்றாகச் சீவி விட்டிருந்தார்கள். ஸ்டேஷனுக்குக் கிளம்புகிற மாதிரியே இருந்தீர்கள்.

காரியமெல்லாம் முடிந்து நான் மேலகரத்துக்கு வந்த பிறகு நர்சம்மா வீட்டுக்கு வந்தார். நான் வீட்டில் பெறப் போகிற சேதி சுகாதார நிலையம் வரைக்கும் போயிருக்கிறது. சண்டைக்குத் தயாராகத்தான் உட்கார்ந்தேன். அவர் திட்டவில்லை, போலீஸ் வரும் என்று மிரட்டவும் இல்லை. வயிற்றுத் தழும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, முதல் பிள்ளைக்கு எதற்காக ஆபரேஷன் என்று கேட்டார். திருவோணத்துக்காக என்றேன். என் சேலையைச் சரி செய்துவிட்டு அவர் சொன்னார்.

"தையல் இல்லாதவளுக்கே வீட்ல வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன். ஒனக்குத் தையல் இருக்கு. வலியில இது பிரிஞ்சிட்டுன்னா வீட்ல வச்சு ஒன்னையும் காப்பாத்த முடியாது, பிள்ளையையும் காப்பாத்த முடியாது."

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. நீங்கள் குறித்த நேரம் ஒரு பிள்ளையோடு முடிந்துபோகவில்லை, அப்பா. அடுத்ததை நான் எங்கே பெற வேண்டும் என்பதையும் அதுவே முடிவு செய்துவிட்டது. என் வீட்டுக் கதவை நான் சாத்துவதற்கு முன்னாலேயே நீங்கள் வெளியிலிருந்து பூட்டிவிட்டீர்கள். நர்சம்மா போனதும் உங்கள் போட்டோ முன்னால் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். இசக்கிமுத்து வந்து ஜன்னலை மட்டும் சாத்திவிட்டுப் போனார்.

நான் தோற்றுவிட்டேன் என்று நினைத்துவிட வேண்டாம். ஆசுபத்திரிக்கு வருகிறேன், ஆனால் வலி அதுவாக வர வேண்டும், உயிருக்கு ஆபத்து என்றால் தவிர என் மேல் கத்தி படக் கூடாது என்று நர்சம்மாவிடம் சொன்னேன். அவர் என்னை அரசு ஆசுபத்திரி டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனார். டாக்டரம்மா எல்லா ரிப்போர்ட்டையும் பார்த்துவிட்டு, முயன்று பார்க்கலாம், முதல் வலிக்கே வந்துவிட வேண்டும், நிலைமை மாறினால் ஆபரேஷன்தான் என்றார். என் முகத்தைப் பார்த்துச் சம்மதமா என்று கேட்டார். இரண்டு பிள்ளைக்கும் சேர்த்து என்னை அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். சம்மதித்தேன். வீட்டை விட்டுக்கொடுத்தேன். வீட்டில் எதற்காகப் பெற நினைத்தேனோ அதை விட்டுக்கொடுக்கவில்லை.

வலி வந்தது நல்ல சீசனில். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. நீங்கள் சொன்ன மாதிரியே ரோடு அடைத்துக் கிடந்தது. இசக்கிமுத்து ஆட்டோவிலிருந்து இறங்கி முன்னால் ஓடினார். அருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வேனில் இருந்தவர்கள், எந்த ஊர்க்காரர்களோ, இறங்கி வந்து வண்டிகளை ஒதுக்கி வழி பண்ணிக் கொடுத்தார்கள். நீங்கள் லத்தியோடு நின்றிருந்தால் இன்னும் சீக்கிரம் போயிருப்போம். அதையும் நினைத்தேன்.

சித்தப்பா எங்களுக்கு முன்னாலேயே ஆசுபத்திரியில் நின்றார், காதில் போனோடு. மறுமுனையில் உங்கள் ஜோசியர். கேட்டை முடிந்து மூலம் பிறக்கப் போகிறதாம். மூலத்தில் ஆண் என்றால் யோகம், பெண் என்றால் அவளுக்கு வரப்போகிற மாமனாருக்கு ஆகாது. அப்படியானால் உடனே ஆபரேஷன் பண்ணி எடுத்துவிடலாமா என்று சித்தப்பா கேட்டார். எடுத்தால் கேட்டை, அது புருஷனின் அண்ணனுக்கு ஆகாதாம். சரி, மூலம் கழியும் வரை வலியை நிறுத்த ஊசி உண்டா? அடுத்தது பூராடம், அது தாலிக்கே ஆகாதாம். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்துகொண்டிருந்தேன். அந்த வலியிலும் சிரிப்பு வந்துவிட்டது. முன்னால் தள்ளினாலும் குறை, பின்னால் தள்ளினாலும் குறை. ஒரு பெண் எப்போதுதான் பிறந்து தொலைக்கலாம், அப்பா?

"சித்தப்பா, போன வைங்க. வருத பிள்ளை வருத நேரத்துக்கு வரட்டும்."

அவர் வைத்துவிட்டார். எனக்கே ஆச்சரியம். குரல் உங்களுடையது மாதிரி இருந்தது என்று, கூட வந்திருந்த அம்மா பிறகு சொன்னாள்.

உள்ளே ஒரு ஆயாம்மா கத்தாதே என்றார். கத்தினேன். முதல் பிள்ளைக்குக் கத்தாததையும் சேர்த்துக் கத்தினேன். மத்தியானத்துக்கு மேல் அவள் வந்தாள். துடைத்துவிட்டு அப்படியே என் நெஞ்சில் போட்டார்கள். கண்ணாடிப் பெட்டி இல்லை. சூடாக, வழவழவென்று, வீல் என்று கத்திக்கொண்டு கிடந்தாள். நான் பிள்ளை பெற்றேன், அப்பா. இந்தத் தடவை நான்தான் பெற்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகு சித்தப்பா ஜாதகம் எழுதுகிற பேச்சை எடுத்தார். சர்டிபிகேட்டில் எது இருந்தாலும், ஜாதகத்தில் தேதியைத் தள்ளி உத்திராடம் என்று எழுதிக்கொள்ளலாம், ஊரில் யார் செய்யாதது என்றார். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு மாப்பிள்ளை தேடி நீங்கள் ஏறி இறங்கிய படிகளிலெல்லாம் கூடவே ஏறி இறங்கியவர். அந்தப் பயம் அவரை விடவில்லை. நான் சத்தம் போடவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே சொன்னேன்.

"எம் மவ பொறந்த நேரத்த மாத்த நான் யாரு சித்தப்பா?"

தரகர் வந்த அன்று அவரும் அங்கேதான் இருந்தார். உங்கள் போட்டோவைப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைக்குத் தொட்டில் எங்கே கட்டப் போகிறீர்கள் என்று கேட்டார்.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில் மூலம். நாளைக்கு அவளைக் கேட்டு யாராவது வந்தால், காப்பியைக் கையில் எடுப்பதற்கு முன்னாலேயே நான் சொல்லிவிடுவேன். நீங்கள் எந்த வீட்டிலும் என் நட்சத்திரத்தை மறைத்ததில்லை, நானும் மறைக்க மாட்டேன். ஜாதகத்தை மடித்துத் தந்தால் வாங்கிக்கொள்வேன். ஆனால் ஒன்று, மாமனார் இல்லாத வீடாகத் தேடி நான் அலைய மாட்டேன். அடுத்த வீட்டுச் சாவு என் மகளுக்கு வழிவிட வேண்டும் என்று ஒரு நாளும் நினைக்க மாட்டேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு. கோபம் வந்தால் கோபப்பட்டுக்கொள்ளுங்கள், ஏட்டையா.

இப்படிக்கு,
உங்கள் ஆயில்யத்து மகள்,
மூலத்துக்காரியின் அம்மா.