டாக்டர் கேட்டபோது நான் சொன்னது

பாய்,

இன்று காலை என் புறங்கையில் ஊசி போட்டு, பஞ்சு வைத்து ஒட்டி, அதே அறையில் உட்கார வைத்தார்கள். ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் நினைப்பு வந்துவிட்டது. பக்கத்து நாற்காலியில் யாரோ கண்ணை மூடியிருந்தார். அவர்மேல் எனக்குக் காரணமில்லாமல் எரிச்சல் வந்தது.

நாம் பழகியதே அங்கேதான். எனக்குக் குடலில் ஆபரேஷன், உங்களுக்குத் தொண்டையில். புற்றுநோய் திரும்பியிருக்கிறதா என்று பார்க்கும் பெட் ஸ்கேன், இருவருக்கும் ஒரே நாளில். மருந்து ஏறியபின் ஒரு மணி நேரம் பேசக்கூடாது, பேசினால் தொண்டைச் சதை மருந்தை இழுத்துக்கொண்டு படத்தில் நோய் மாதிரியே ஒளிரும் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னார். நான் பயந்து வேர்ப்பதைப் பார்த்ததும் நீங்கள் அவர் சொல்லைக் கேட்டீர்களா என்ன?

"ஏன் தம்பி இம்புட்டு வேர்க்குது? ஊரு திருமங்கலமா? அங்கதான நம்ம சாக்கு லோடு போகுது."

அந்த ஒரு மணி நேரமும் உங்கள் சாக்குக் கடைக் கதைதான். என் பயம் போனது. உங்கள் தொண்டை படத்தில் ஒளிர்ந்தது. குழாய் விட்டுப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லும்வரை பத்து நாள் உங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. "வாய்க்கொழுப்பு தம்பி, வேற நோயில்ல" என்று போனில் சிரித்தீர்கள்.

பிறகு தேதி பேசி வைத்துச் சேர்ந்தே வந்தோம். கடைசி முறை நீங்கள் வாயே திறக்கவில்லை. தஸ்பீஹ் மணியை மட்டும் உருட்டிக்கொண்டிருந்தீர்கள், உதடுகூட அசையவில்லை. அப்படியும் தொண்டை ஒளிர்ந்தது.

டாக்டர் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். உங்கள் மகளின் நிக்காஹ்வுக்கு இருபது நாள் இருந்தது. "பேசிட்டேன் டாக்டர், முதல் தடவை மாதிரிதான். வேணும்னா இந்தத் தம்பியக் கேளுங்க" என்றீர்கள். மேசைக்கு அடியில் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தீர்கள். உங்கள் விரல்கள் சில்லிட்டிருந்தன. டாக்டர் என்னைப் பார்த்தார்.

"ஆமா டாக்டர், பேசினாரு."

ஒரு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார் அவர். அதை நீங்கள் நான்கு மாதமாக இழுத்தீர்கள். நான் கூப்பிட்டபோதெல்லாம் "வாரேன் தம்பி, மறுவீடு முடியட்டும்" என்றீர்கள். ஒவ்வொரு முறையும் குரல் இன்னும் கொஞ்சம் கரகரத்தது. கடைசியில் போனபோது, இனி ஆபரேஷன் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். உங்கள்மேல் எனக்கு அம்புட்டுக் கோபம் பாய். அதைவிட என்மேல்.

இன்று சாயங்காலம் என் ரிப்போர்ட் சுத்தமாக வந்தது. என்னாச்சு என்று கேட்டு முதலில் போன் செய்தது உங்கள் மகள்தான்.

"அல்ஹம்துலில்லாஹ்! நிம்மதியா இருக்கு சாச்சா. அத்தா என் கல்யாணத்தையாவது பாத்துட்டுப் போனாரு. முன்னாடியே தெரிஞ்சிருந்தா கல்யாணத்த நானே நிறுத்தி, அவர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன்."

அவளிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை பாய். உங்களுக்காகச் சொன்ன பொய்யை இப்போது எனக்காகக் காப்பாற்றி வருகிறேன்.